கேள்வி – பதில்: இந்தப் பழக்கத்துக்கு இன்னும் காரணம் இருக்கிறதா?

முன்னோர் வழியிலிருந்து விலகித் தனக்கென்று ஒரு வழி தேடுவது பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஐந்து குரங்குகள், ஏணி, மேலே வாழைப்பழம். ஒன்று ஏறினால் எல்லாவற்றின் மேலும் குளிர்ந்த தண்ணீர். குரங்குகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும், காரணம் தெரியாமலே புதிய குரங்குகள் ஏறுபவனை அடித்தன என்கிறார்கள். இது உண்மையா?

பதில்: சொல்லப்படும் வடிவத்தில் அப்படி ஒரு சோதனை நடந்ததற்கு ஆதாரம் இல்லை. மேடைப் பேச்சுகளில் வளர்ந்த கதை அது. உண்மையில் நடந்த ஒரு சோதனை இதைவிடச் சுவாரசியமானது. விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் அதை வெளியிட்டார்கள். உள்ளே பரிசு வைத்த ஒரு பெட்டி. அதைத் திறக்கும் முறையை ஒருவர் செய்துகாட்டுவார், அதில் தேவையான அசைவுகளும் வெட்டியான அசைவுகளும் கலந்திருக்கும். பெட்டி கறுப்பாக இருந்தபோது சிம்பன்சிகள் எல்லாவற்றையும் அப்படியே செய்தன. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டியைக் கொடுத்ததும் வெட்டி அசைவுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. 3, 4 வயதுக் குழந்தைகளோ இரண்டு பெட்டியிலும் வெட்டி அசைவுகளையும் சேர்த்தே செய்தார்கள். காரணம் புரியாத படிகளையும் விடாமல் பார்த்துச் செய்வதால்தான் கைத்தொழில்கள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குச் சிதையாமல் போகின்றன. அதே குணத்தால்தான் செத்துப்போன படிகளும் கூடவே வருகின்றன.

கேள்வி: மூன்று தலைமுறையாக மரவேலை. தாத்தா காலத்து டிசைன்களையே செய்துகொண்டிருக்கிறோம். எனக்கென்று ஒரு பாணி வேண்டும். எங்கே தொடங்க?

பதில்: புது டிசைன் வரைய உட்காராதீர்கள். உட்கார்ந்தால் கை பழகிய வடிவத்தையே போடும். காலைக் கொஞ்சம் சாய்த்து, விளிம்பைக் கொஞ்சம் உருட்டி, ‘புதுசு’ என்று பெயர் வைத்துவிடுவோம். பட்டறையில் அதிகம் செய்யும் ஒரு பொருளை, உதாரணமாக அலமாரிக் கதவை, எடுத்துக்கொள்ளுங்கள். அறுப்பதிலிருந்து பாலிஷ் வரை ஒரு வேலைக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே கேள்வி: இதைச் செய்யாவிட்டால் எது கெடும்? ‘எப்போதும் அப்படித்தான்’ என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

சில வரிகளுக்குப் பதில் உடனே வரும். அவை உடம்பும் மரமும் இட்ட விதிகள். நாற்காலி இருக்கை தரையிலிருந்து 43 முதல் 46 செ.மீ., மேசை 72 முதல் 75 செ.மீ., இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 30 செ.மீ. இருப்பது காலும் தொடையும் கேட்கும் அளவு. தாத்தாவின் ரசனை அல்ல. மரம் ஈரத்துக்கு ஏற்பக் குறுக்குவாக்கில் விரிந்து சுருங்கும், நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு. அதனால் அகலமான மேசைப் பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்டினால் வெடிக்கும். இங்கே புதுமை செய்ய நினைத்தால் மரம் உங்களுக்குப் பாடம் நடத்தும்.

உங்களுக்கு வேலை இருப்பது காரணம் செத்துப்போன வரிகளில். கதவுக்கு நான்கு பக்கமும் சட்டம் போட்டு, சட்டத்தின் உள்விளிம்பில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, பசை வைக்காமல் பலகையைச் செருகியது எதற்கு? அகலப் பலகை கோணாமல், வெடிக்காமல் உள்ளுக்குள்ளேயே விரிந்து சுருங்கட்டும் என்றுதான். இப்போது பிளைவுட் வந்துவிட்டது. அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அது விரிவது மிகக் குறைவு. ஆனாலும் அதன்மேல் பீடிங் (மெல்லிய மரப்பட்டி) அடித்து, சட்டமும் பலகையும் இருப்பதுபோல் பாவனை காட்டுகிறோம். 1779இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் வார்ப்பிரும்பில் பாலம் கட்டியவர்களும் இதைத்தான் செய்தார்கள்: பொருள் இரும்பு, இணைப்புகளோ தச்சு வேலையின் கழுந்தும் (துளையில் செருகும் முனை) துளையும் ஆப்பும்.

பீடிங்கைக் கழற்றிப் பாருங்கள். 18 மி.மீ. பிளைவுட்டின் முழு முகமும் உங்கள் கைக்கு வரும்: ரேகை ஓடும் திசை, விளிம்பில் தெரியும் அடுக்குக் கோடுகள், கைப்பிடிக்குப் பதில் ஒரு வெட்டு. எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டினால் கதவு வளையும். பின்பக்கமும் ஏதாவது ஒட்டிச் சமன் செய்ய வேண்டும். விளிம்பில் ஸ்க்ரூ பிடிப்பு குறைவு, அடுக்கு பிளக்கும். முகத்தில் 35 மி.மீ. விட்டமுள்ள குழி எடுத்துப் பொருத்தும் கப் கீலே பாதுகாப்பு. திறந்த விளிம்பில் ஈரம் ஏறும், ஆகவே ஈரம் புகாமல் அடைக்கும் சீலர் பூச்சு கட்டாயம்.

காலியாக விட்ட வரிகள் மிச்சம். ஒரு பொருளில் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். பழைய முறையில் இன்னொன்று செய்து பக்கத்திலேயே வையுங்கள். மழைக்காலம் ஒன்றும் வறண்ட காலம் ஒன்றும் போகட்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், கெடும்போது எதனால் என்று தெரியாது. வீட்டுப் பெரியவர்கள் இரண்டையும் சேர்த்தே தூக்கிப் போடுவார்கள்.

கேள்வி: முன்னோர் எழுதியதைப் படிக்காமலே இருந்தால் தனித்தன்மை தானாக வருமா?

பதில்: வராது. யாரிடமிருந்து எடுக்கிறோம் என்றே தெரியாமல் எடுப்போம், அவ்வளவுதான். ரைட் சகோதரர்கள் தங்களுக்கு முன்னால் பறக்க முயன்றவர்களின் கணக்குகளைத் தேடிப் படித்தார்கள், அவற்றை நம்பியே கிளைடரும் (எஞ்சின் இல்லாத விமானம்) செய்தார்கள். 1901இல் செய்த கிளைடர் கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவே தூக்கியது. பிறகு ஆறடி நீளப் பெட்டியில், உள்ளே காற்றைச் செலுத்திப் பார்க்கும் காற்றுச் சுரங்கம் கட்டி ஏறக்குறைய 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். 18ஆம் நூற்றாண்டிலிருந்து காற்று தள்ளும் விசையைக் கணக்கிட எல்லோரும் பயன்படுத்திவந்த எண் 0.005 தவறு, சரியானது கிட்டத்தட்ட 0.0033 என்பதும் அவர்களுக்குப் பிடிபட்டது. படித்திருக்காவிட்டால் எந்த எண்ணைச் சந்தேகிப்பது என்றே தெரிந்திருக்காது.

கேள்வி: என் கவிதைகள் எல்லாம் யாரோ ஏற்கெனவே எழுதியதுபோல் இருக்கின்றன. பயிற்சி ஏதும் உண்டா?

பதில்: உண்டு, கொஞ்சம் வலிக்கும். கடைசியாக எழுதிய பத்துக் கவிதைகளின் முதல் வரிகளை ஒரு தாளில், கடைசி வரிகளை இன்னொரு தாளில் எழுதுங்கள். கடைசி வரித் தாளைப் பார்த்தால் பத்தில் பாதியாவது ஒரு பெரிய உண்மையைச் சொல்லி முடிந்திருக்கும். அந்த முடிப்பு உங்களுடையதல்ல, படித்ததிலிருந்து காதில் தங்கியது. வெட்டிவிட்டு அதற்கு முந்தைய வரியில் கவிதை நிற்கிறதா பாருங்கள். பெரும்பாலும் நிற்கும்.

அடுத்து, மூன்று கவிதைகளுக்கு மேல் வரும் சொற்களைப் பட்டியல் இடுங்கள். நிலா, மௌனம், சிறகு, ஈரம் இருக்கும், பந்தயமே கட்டலாம். இரண்டு மாதம் அவற்றுக்குத் தடை. உவமை தேவைப்பட்டால் ஒன்றுக்கு எட்டு எழுதி முதல் மூன்றை அடித்துவிடுங்கள், முதலில் வருவது பொதுவாக எல்லோருக்கும் வருவது என்பதால். பிடித்த கவிஞர் ஒருவரையே படிப்பதும் ஆபத்து. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று பேரை எடுத்து, மூவர் பாணியிலும் ஒரே விஷயத்தை வேண்டுமென்றே நகலெடுத்துப் பாருங்கள். மூன்றிலும் எந்த இடத்தில் உங்களால் அவர்போல் எழுத முடியவில்லையோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கவிதையை அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: என் அப்பா எதற்கெடுத்தாலும் கத்துவார். ‘நான் அப்படி இருக்கமாட்டேன்’ என்று சபதம் எடுத்தும் மகனிடம் அதையேதான் செய்கிறேன்.

பதில்: உங்கள் சபதம் என்ன செய்யக்கூடாது என்று மட்டும் சொல்கிறது. அந்த நொடியில் செய்வதற்கு வேறொன்று இல்லாததால் பழையதே வருகிறது. ஒரு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. ஒன்றிரண்டு சூழல்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும், ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்த முறை இது. செயல் உடம்பால் செய்வதாக இருக்கட்டும்: ‘இரண்டாவது முறை கூப்பிட்டும் அவன் வராவிட்டால், அவன் இருக்கும் இடத்துக்கு நடந்துபோய் உட்கார்ந்து பேசுவேன்.’ ‘பொறுமையாக இருப்பேன்’ என்று எழுதினால் பயன் இல்லை.

அப்பாவுக்கு நேர் எதிராக, எதையுமே கண்டிக்காமல் இருந்துவிடாதீர்கள். அதுவும் அவர் போட்ட கோட்டிலேயே, எதிர்த்திசையில் நடப்பதுதான்.

21 நாளில் பழக்கம் மாறும் என்பதை நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லேலியும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக வர ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. அதுவும் தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்களுக்கு. ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே தவறிவிட்டால், அன்றே மகனிடம் ‘நான் கத்தியது தப்பு’ என்று சொல்லுங்கள். அதற்குப் பின்னால் ‘ஆனால் நீயும்’ என்று தொடங்க வேண்டாம். அவன் செய்ததைப் பற்றிப் பேச வேண்டுமானால் மறுநாள் தனியாகப் பேசலாம்.