45,000 ரூபாயில் பெரிய டிவி: எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது?

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். பத்து வருடமாக ஓடும் 32 இன்ச் டிவியை மாற்றப் போகிறோம். கையில் 45,000 ரூபாய் இருக்கிறது, அதற்கு மேல் முடியாது. சோபாவுக்கும் சுவருக்கும் இடையே எட்டடி. கடையில் மூன்று காட்டினார்கள். பெயரே கேள்விப்படாத ஒரு கம்பெனியின் 65 இன்ச் 44,000. பெரிய கம்பெனியின் சாதாரண 55 இன்ச் 4கே 43,000. ஓரளவு தெரிந்த கம்பெனியின் 55 இன்ச் க்யூஎல்இடி 37,000. பகலில் மாமனார், மாமியாருக்குக் கேபிளில் சீரியலும் கிரிக்கெட்டும். ராத்திரி நாங்கள் ஓடிடியில் படம் பார்ப்போம். மாமனார் ஜன்னலோர சாய்வு நாற்காலியை விட்டு நகர மாட்டார். எதை வாங்குவது?

பதில்: கடைசியில் நீங்கள் சொன்ன சாய்வு நாற்காலிதான் இதில் முக்கியமான தகவல். அதற்கு வருகிறேன்.

முதலில் அளவு. சோபாவில் உட்கார்பவரின் கண்ணிலிருந்து திரைவரை எத்தனை இன்ச் என்று அளந்து 1.6ஆல் வகுத்துப் பாருங்கள். எட்டடி என்றால் 96 இன்ச், வகுத்தால் 60 வருகிறது. 55 இன்ச் உங்கள் ஹாலுக்குச் சரியாக இருக்கும். 65ஐ வைத்தால் தப்பில்லை, ஓடிடியில் நல்ல படம் ஓடும்போது நன்றாகவே இருக்கும். ஆனால் உங்கள் வீட்டில் பகல் முழுக்க ஓடுவது கேபிள். அங்கேதான் சிக்கல்.

சாதாரண எஸ்டி (குறைந்த தெளிவுள்ள) சேனலின் படத்தில் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160. பெருக்கிப் பார்த்தால் சரியாக இருபது மடங்கு. அதாவது கேபிளில் வரும் ஒரு புள்ளியை டிவி இருபதாக இழுத்து நிரப்புகிறது. மாவு அதேதான், தோசை மட்டும் பெரிதாகிறது. 32 இன்ச்சில் தெரியாத மங்கல் 55ல் தெரியும், 65ல் முகத்தில் அறையும். புது டிவி வாங்கிய மறுநாளே ‘பழசே தெளிவா இருந்துச்சு’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர்கள் சொல்வது உண்மையும்கூட. எச்டி செட்டாப் பாக்ஸ் போட்டால் இருபது மடங்கு நான்காகக் குறையும். அதனால் பட்ஜெட்டில் எச்டி பாக்ஸுக்கும் சேனல் பேக்குக்கும் முதலிலேயே ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். கிரிக்கெட்டுக்காகவாவது இது தேவை. பந்து எங்கே போனது என்று தேடுவது பெரும்பாலும் எஸ்டியில்தான்.

ஓடிடியிலும் இதே கதை உண்டு. சந்தா மலிவாக இருந்தால் படத்தின் தரமும் குறைவாக வரும். உதாரணத்துக்கு, நெட்ஃபிளிக்ஸில் 4கே வேண்டுமானால் இருப்பதிலேயே விலை கூடிய திட்டத்தைத்தான் எடுக்க வேண்டும், அதற்கு இணைய வேகமும் 15 எம்பிபிஎஸ் தேவை. 4கே டிவி வாங்கி, 4கே இல்லாத சந்தாவில் படம் பார்க்கும் வீடுகள் நிறைய.

சரி, இனி பேனல், அதாவது படம் தெரியும் திரை. டிவியில் பிறகு எளிதில் மாற்ற முடியாத ஒரே பொருள் இதுதான். ஸ்மார்ட் பகுதி மூன்று வருடத்தில் மந்தமானால் சில ஆயிரத்துக்கு ஓடிடி ஓட்டும் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகிவிடலாம். ஒலி போதாவிட்டால் சவுண்ட்பார் வைக்கலாம். பேனல் மட்டும் வாங்கிய அன்று எப்படியோ, கடைசிவரை அப்படித்தான். அதனால் 45,000ல் பெரும்பங்கு பேனலுக்குப் போகட்டும். ரிமோட்டில் எத்தனை பட்டன், குரலில் தேடுமா, எத்தனை ஆப் என்பதெல்லாம் விற்பனையாளர் பேசுவதற்கான சமாச்சாரங்கள்.

இந்த விலையில் கிடைக்கும் எல்சிடி பேனல்கள் பெரும்பாலும் இரண்டு வகை: விஏ, ஐபிஎஸ். (இந்த ஐபிஎஸ்ஸுக்கும் காவல் துறைக்கும் சம்பந்தமில்லை.) விஏயில் கறுப்பு கறுப்பாகத் தெரியும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் 3000 மடங்கு, அதற்கு மேலும் போகும். ஐபிஎஸ்ஸில் அது 1000 மடங்கு அளவுதான், இருட்டுக் காட்சி சாம்பல் பூசியதுபோல் இருக்கும். ஆனால் விஏயைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். ஐபிஎஸ் அப்படி வெளுக்காது.

இணையத்தில் தேடினால் பெரும்பாலும் விஏயைத்தான் பரிந்துரைப்பார்கள். நடுவில் ஒரு சோபா, விளக்கை அணைத்துவிட்டு இருவர் படம் பார்க்கிறார்கள் என்றால் அது சரியான யோசனை. நம் ஹால் அப்படியா? ஒருவர் சோபாவில், ஒருவர் தரையில் காய் நறுக்கிக்கொண்டு, பிள்ளைகள் ஓரத்தில், மாமனார் ஜன்னலோரம். அவர் தினமும் ஆறேழு மணி நேரம் பார்ப்பார், நீங்கள் ராத்திரி இரண்டு மணி நேரம். நாற்காலி நன்றாகப் பக்கவாட்டில் இருக்கிறதென்றால் உங்கள் வீட்டுக்கு நான் ஐபிஎஸ் என்றுதான் சொல்வேன். திரைக்கு ஓரளவு நேராக இருக்கிறதென்றால் விஏ எடுங்கள், ராத்திரிப் படங்கள் நன்றாக இருக்கும்.

எது என்ன பேனல் என்று பெட்டியில் போட மாட்டார்கள். ஒரே மாடலிலேயே 50 இன்ச்சுக்கு ஒன்று, 55க்கு வேறொன்று என்று வருவதுண்டு. ஆகவே நீங்கள் வாங்கப்போகும் அதே அளவைப் பார்க்க வேண்டும். ஒரு பென் டிரைவில் மூன்று எடுத்துப் போங்கள்: இருட்டுக் காட்சி உள்ள ஒரு படத் துண்டு, கிரிக்கெட் மைதானம் பச்சையாகத் திரை முழுக்க வரும் ஒரு துண்டு, வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்று. கடையில் டிவி கண்ணைக் கூசும் ‘விவிட்’ அமைப்பில் ஓடிக்கொண்டிருக்கும். அதை ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘மூவி’க்கு மாற்றச் சொல்லுங்கள். பாதி டிவிகளின் பளபளப்பு அங்கேயே இறங்கிவிடும். பிறகு உங்கள் மாமனாரின் கோணத்தில் போய் நின்று பாருங்கள். சாம்பல் படத்தில் திட்டுத் திட்டாக அழுக்குபோல் தெரிந்தால் மைதானத்தில் கேமரா நகரும்போதும் அது தெரியும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், கொடுப்பது உங்கள் 45,000.

அப்புறம் க்யூஎல்இடி. பெயரைக் கேட்டு, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடிக்குப் பக்கத்து வீடு என்று நினைத்துவிட வேண்டாம். இது சாதாரண எல்சிடிதான், நிறத்தைக் கூட்ட ஒரு குவாண்டம் டாட் படலம் சேர்ந்திருக்கிறது. பச்சை, சிவப்பு எல்லாம் அழகாக வரும். கறுப்பு இதனால் மேம்படாது. எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடுதலாக உள்ள பட வகை) என்ற ஸ்டிக்கரும் அப்படித்தான். அந்த வகைப் படத்தை டிவி வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அதற்கு அர்த்தம். நன்றாகக் காட்ட வெளிச்சம் வேண்டும், இந்த விலையில் அது பெரும்பாலும் இருக்காது. பகலில் ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் எந்த ஸ்டிக்கரும் காப்பாற்றாது, திரைச்சீலைதான் காப்பாற்றும்.

விலையில் ஒரு விஷயம். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. வரிக்கு முன் 35,000 ரூபாய் உள்ள டிவி 44,800லிருந்து 41,300க்கு வந்திருக்க வேண்டும். பழைய விலையைக் கோடு போட்டு அடித்துவிட்டு இந்தக் குறைவையே ‘சிறப்புத் தள்ளுபடி’ என்று யாராவது காட்டினால் ஏமாறாதீர்கள். வட்டியில்லாத் தவணையிலும் வட்டி உண்டு. விலையில் அதைக் கழித்துக் காட்டுவார்கள், ஆனால் வட்டி மீதான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில் விழும். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். சுமார் 100 வாட் இழுக்கும் டிவி தினம் ஏழு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 42 யூனிட். பழைய டிவியும் அதில் பாதியாவது இழுத்திருக்கும்.

இடத்தை மட்டும் கவனியுங்கள். 55 இன்ச் என்பது மூலைவிட்டம். அகலம் சுமார் 122 செ.மீ., உயரம் 69 செ.மீ. வரும், ஃபிரேம் தனி. என் வீட்டில் ஷோகேஸின் அகலத்தை அளந்தேன், டிவி கச்சிதமாகப் பொருந்தும் என்று சந்தோஷப்பட்டேன். ஸ்டாண்டின் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருந்தன, பலகையோ அதைவிடக் குட்டை. டிவி இரண்டு நாள் சோபாவின் மேல் சாய்ந்து கிடந்தது. கால்களுக்கு இடையே எத்தனை செ.மீ. என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சுவரில் மாட்டுவதாக இருந்தால் உட்கார்ந்த கண் மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வரட்டும். சாமி படம் மாட்டும் உயரத்தில் டிவியை மாட்டிவிட்டுக் கழுத்து வலி என்று சொல்பவர்கள் நிறைய.

சரி, மூன்றில் எது? 65 இன்ச்சை விட்டுவிடுங்கள். பெயர் தெரியாத கம்பெனியில் பேனல் போனால், அதை மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கும். மாற்ற பேனல் கிடைப்பதே சந்தேகம். மற்ற இரண்டில் 37,000 டிவிக்குத் திருச்சியிலேயே சர்வீஸ் இருக்கிறதா என்று கம்பெனியின் உதவி எண்ணுக்கு நீங்களே பேசி, உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் சொல்வது போதாது. இருக்கிறது என்றால், சாய்வு நாற்காலிக் கோணத்திலும் படம் வெளுக்கவில்லை என்றால், அதையே வாங்குங்கள். மிச்சமாகும் 8,000ல் பேனலுக்கான கூடுதல் வாரண்டி, எச்டி பாக்ஸ், மின்னழுத்தம் திடீரென எகிறினால் காக்கும் ஒரு ஸ்பைக் கார்டு (guard) மூன்றும் முடிகிறதா பாருங்கள். சர்வீஸ், கோணம் இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் 43,000 டிவி. அப்போது கையில் 2,000தான் நிற்கும், எச்டி பாக்ஸ் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நீங்களாகப் பெட்டியைப் பிரிக்காதீர்கள். பொருத்த வருபவர் முன்னால் பிரித்து, வீடியோ எடுத்து, அந்தச் சாம்பல் படத்தை ஓடவிட்டுக் கோடோ விரிசலோ இல்லை என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அவர் அவசரப்படுத்துவார், பத்து நிமிடம் காத்திருக்கட்டும்.

பழைய 32 இன்ச்சை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். பெரிய தொகை எதுவும் கிடைக்காது. பழைய எஸ்டி பாக்ஸோடு அதை மாமியார் அறையில் வையுங்கள். அவர் சீரியல் அதில்தான் தெளிவாகத் தெரியும்.