கீமோடாக்ஸிஸ் பாடத்தில் வரும் டொமைன்களை எப்படிப் படிப்பது?

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் மாணவர் ஒருவரின் கேள்வி: "பாக்டீரியா உணவைத் தேடிப் போகும் கீமோடாக்ஸிஸில் கீ-ஏ, கீ-பி, கீ-ஒய் என்று ஏகப்பட்ட புரதங்கள். மனப்பாடம் செய்தாலும் நிற்கவில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொன்றையும் டொமைன் டொமைனாகப் பிரிக்கிறார்கள். இதை எப்படிப் படிப்பது?"

டொமைன் என்பது புரதத்துக்குள் தனியாக மடிந்து, தனக்கென ஒரு வேலை செய்யும் துண்டு. அதை முதலில் படியுங்கள். புரதத்தின் பெயர் அப்புறம் தானாக ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் நாங்கள் இதைத் தலைகீழாக நடத்துகிறோம். பெயர்ப் பட்டியலில் ஆரம்பிக்கிறோம். அங்கேதான் சிக்கல் என்பது என் கருத்து.

குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியத்தையே எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 2 மைக்ரான். ஏறக்குறைய ஒரு நொடி நேராக நீந்தும், பத்தில் ஒரு நொடி புரளும், புரண்டு முடிந்ததும் வாய்த்த திசையில் மறுபடி ஓடும். ஒற்றை பாக்டீரியத்தை விடாமல் பின்தொடரும் நுண்ணோக்கியை வைத்து ஹோவர்ட் பெர்க்கும் டக்ளஸ் பிரவுனும் 1972இல் இதை அளந்து காட்டினார்கள். அதை ஈர்க்கும் அமினோ அமிலமான அஸ்பார்டேட் கூடுகிற பக்கம் போகும்போது புரளல் தள்ளிப்போகும், ஓட்டம் நீளும். அவ்வளவுதான் சூட்சுமம். அந்தச் செய்தி வெளியிலிருந்து, நீந்த உதவும் வால் போன்ற கசையிழையைச் சுழற்றும் மோட்டார்வரை எப்படிப் போகிறது என்று பார்த்தால் எல்லா டொமைனும் வரிசையாக வந்துவிடும்.

அஸ்பார்டேட்டை உணரும் ஏற்பியின் பெயர் டார். இரண்டு டார் மூலக்கூறுகள் ஜோடியாக நிற்கும். உள்சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் உணர்வு டொமைன்; இரண்டும் சேரும் இடுக்கில் அஸ்பார்டேட் உட்காருகிறது. உட்கார்ந்ததும் சவ்வைத் துளைத்து இறங்கும் ஒரு சுருள் உள்பக்கமாக நகர்கிறது. எவ்வளவு? ஓரிரு ஆங்ஸ்ட்ராம், அதாவது ஓர் அணுவின் அகலம்கூட இருக்குமா என்று சொல்லும் அளவு. இந்தச் சின்ன அசைவைச் சவ்வுக்கு உள்ளே வாங்கிக்கொள்வது ஹாம்ப் டொமைன். ஏறத்தாழ 50 அமினோ அமிலங்கள்தான், ஆனால் எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த துண்டு இதுதான். 2006இல் ஓர் ஆர்க்கியாவின் (பாக்டீரியா அல்லாத வேறொரு வகை ஒற்றைச் செல் உயிரி) ஹாம்ப் அமைப்பு வெளியானபோது, அதன் நான்கு சுருள்களும் பல்சக்கரங்களைப் போலச் சுழலலாம் என்று சொன்னார்கள். அது சுழல்கிறதா, இறுகித் தளர்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஹாம்ப்புக்குக் கீழே நீளமான ஒரு தண்டு. அதன் நுனியில் இணைப்புப் புரதமான கீ-டபிள்யூவும், பாஸ்பேட் ஏற்றும் நொதியான கீ-ஏவும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கீ-ஏவில் ஐந்து டொமைன்கள், பி1 முதல் பி5 வரை. பி4 செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைப் பிடித்து, அதன் பாஸ்பேட்டைப் பி1இல் 48ஆவது இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் வைக்கும். பி2 கீ-ஒய்யைப் பிடித்துக்கொடுக்கும். பி3 ஜோடி சேர்க்கும், பி5 ஏற்பியோடும் கீ-டபிள்யூவோடும் இணைக்கும். ஹிஸ்டிடினிலிருந்து பாஸ்பேட், கீ-ஒய் புரதத்திலேயே 57ஆவது இடத்தில் இருக்கும் அஸ்பார்டேட்டுக்குத் தாவும். பாஸ்பேட் ஏறிய கீ-ஒய் மோட்டாரில் ஒட்டினால் சுழலும் திசை மாறும், செல் புரளும். வெளியே அஸ்பார்டேட் கிடைத்தால் கீ-ஏ அடங்கும், கீ-ஒய் வெறுங்கையோடு நிற்கும், ஓட்டம் தொடரும்.

இனி செல்லின் நினைவாற்றல். கீ-ஒய் முழுக்க ஒரே டொமைன்தான், பாஸ்பேட்டை வாங்கும் ஏற்பு டொமைன். கிட்டத்தட்ட அதே டொமைன் கீ-பியிலும் இருக்கிறது. அதன் பின்னால், ஏற்பியிலிருந்து மெத்தில் தொகுதியை வெட்டும் நொதி டொமைன் ஒட்டியிருக்கிறது. ஆக, கீ-ஏ அடங்கினால் கீ-பியும் சோர்ந்துவிடும். கீ-ஆர் மட்டும் தன் பாட்டுக்கு ஏற்பியின் தண்டில் மெத்திலை ஏற்றிக்கொண்டே இருக்கும். மெத்தில் ஏற ஏற கீ-ஏ மறுபடி விழிக்கும். இதற்குச் சில நொடிகள் பிடிக்கும். அந்தத் தாமதத்தால்தான் செல்லால் "இப்போது"வை "சற்று முன்"னோடு ஒப்பிட முடிகிறது. ஒரே டொமைன் இரண்டு புரதங்களில் இருப்பதைக் கவனித்துவிட்டால் கீ-பியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, பாருங்கள்.

டொமைன் என்பது புத்தகத்துக்காகப் போட்ட கோடு இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. 1989இல் மசயோரி இனோயேயின் குழு டாரின் உணர்வுப் பகுதியை, உப்புச்செறிவுக்கு ஏற்ப மரபணுக்களை இயக்கும் என்வி-இசட் புரதத்தின் உள்பகுதியோடு ஒட்டியது. அந்தக் கலப்புப் புரதம் அஸ்பார்டேட் பட்டதும் சவ்வுத்துளைப் புரதத்தின் மரபணுவை இயக்கியது. 2005இல் அதே என்வி-இசட்டோடு ஒரு சயனோபாக்டீரியத்தின் ஒளியுணர் பகுதியைச் சேர்த்து, ஈ. கோலைப் படலத்தின் மேல் புகைப்படமே எடுத்துவிட்டார்கள்!

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். யூனிப்ராட் என்ற புரதத் தகவல் தளத்தில் ஈ. கோலையின் டாரையும், ஆக்சிஜன் பக்கம் செல்லை அழைத்துப்போகும் ஏர் புரதத்தையும் திறந்து, டொமைன் வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏரில் வெளியே நீட்டும் உணர்வு டொமைன் இருக்காது. பதிலுக்குச் செல்லுக்குள்ளேயே, எஃப்.ஏ.டி. என்ற துணை மூலக்கூறைப் பிடித்திருக்கும் பாஸ் டொமைன் இருக்கும். ஹாம்ப்பும் தண்டின் நுனியும் எங்கே வருகின்றன என்று நீங்களே குறித்துப் பாருங்கள்; சந்தேகம் வந்தால் கருத்துப் பகுதியில் கேளுங்கள்.