மூத்த மகனின் வீடு

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் கார்ன்வாலில் போகோனக் மாளிகையைப் பார்த்துவிட்டு வந்தேன். மான்கள் மேயும் தோட்டம், வீட்டை ஒட்டியே தேவாலயம், எல்லாம் முந்நூறு ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன. சொத்தைக் கட்டிக்காக்கும் குணம் அந்தக் குடும்பங்களின் இரத்தத்திலேயே இருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்த வாரம் முழுக்க அந்த வீட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தை நீங்கள் வருணித்ததை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு அழகு. ஆனால் ‘இரத்தம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு படித்த நீங்கள் இப்படி எழுதலாமா? அப்படியே இருக்கவும் இல்லை. 1969க்குப் பிறகு பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த வீடு அது, ஒரு பக்கத்தை இடித்தே விட்டார்கள்.

அதை 1717இல் வாங்கியவர் தாமஸ் பிட், நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர். கிருஷ்ணா கரையில், கொள்ளூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் 410 காரட் வைரத்தை ஜம்சந்த் என்ற வியாபாரியிடம் பேரம் பேசி 48,000 வராகனுக்கு வாங்கினார். பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு அதை விற்றபோது 1,35,000 பவுண்டு. அந்தப் பணத்தில் வந்தது போகோனக்.

சரி, வந்த சொத்து ஏன் சிதறவில்லை? மூத்தவனுக்கே எல்லாம் என்ற வழக்கத்தால்தான். அந்நாளில் நிலத்தை விற்க முடியாதபடி பத்திரத்திலேயே கட்டிப்போடுவார்கள். தம்பிகள் பட்டாளத்துக்கோ தேவாலயத்துக்கோ கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கோ போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டும், தங்கைகளுக்குச் சீர் மட்டும். கவர்னரின் பேரன் வில்லியம் பிட்டையே பாருங்கள். சிறு வயதில் இதே வீட்டில் வளர்ந்த பிள்ளை. வீடும் நிலமும் அண்ணன் தாமஸுக்குப் போயின, இவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு பவுண்டு. குதிரைப்படையில் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். பிற்காலத்தில் பிரதமராகி இங்கிலாந்தையே நடத்தியவர், தான் ஓடி விளையாடிய வீட்டில் ஓர் அறைக்குக்கூட உரிமை இல்லாதவர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. ஒரு பிள்ளைக்குக் கொடுக்க மற்ற பிள்ளைகளைக் கைவிடுவதைக் குணம் என்று சொல்லாதீர்கள், எஸ். அது கணக்கு. இருபதாம் நூற்றாண்டில் வாரிசு வரி ஏறியதும் அந்தக் கணக்கும் உடைந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் அங்கே இடிபட்டன.

அந்த வைரத்தைப் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். பட்டை தீட்டியபின் 140 காரட், விரல்களுக்குள் மூடிவிடலாம். கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். தோண்டி எடுத்தவன் யார் என்று அங்கே தேடினேன், பெயர் இல்லை.

அடுத்த முறை போனால் அந்த மரங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள்.