அண்ணாச்சி பதில்கள்: கிஸ்தி யாருக்கோ, ராஜ்யம் அவருக்கு

போன இதழில் ராஜமானியம், அதாவது பழைய ராஜாக்களுக்குச் சர்க்கார் கொடுத்துவந்த பணம், பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், நம் ஜில்லாவில் ராஜா இல்லாத ஊரே கிடையாது போலிருக்கிறது. அதனால் இந்த வாரம் சமையல், மூட்டுவலி, மாமியார் எல்லாவற்றுக்கும் விடுமுறை.

● உலகத்திலேயே அதிக காலம் ஆண்ட பரம்பரை ஜப்பான்தான் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். நம் பாண்டியர்கள் அதைவிடப் பழையவர்கள் இல்லையா அண்ணாச்சி?
– கல்லூரி மாணவர், சேரன்மகாதேவி

பழமையில் நம்ம ஆட்கள் முந்திதான் தம்பி. கி.மு. 3-ஆம் நூற்றாண்டு அசோகர் கல்வெட்டிலேயே பாண்டியர் பெயர் இருக்கிறது. தென்காசியில் இருந்த கடைசிப் பாண்டியர்கள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வந்துவிட்டார்கள். ஜப்பானில் இப்போது இருக்கும் நருஹிதோ 126-ஆவது சக்கரவர்த்தி என்பது அவர்கள் கணக்கு. அதில் முதலில் வரும் பெயர்கள் எல்லாம் புராணம். கி.பி. 6-ஆம் நூற்றாண்டுக்கு மேல்தான் பிடிமானம் கிடைக்கும்.

ஆனால் 'ஆண்ட' என்று சொன்னீர்கள் பாருங்கள், வில்லங்கம் அங்கேதான். நான் அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டினவன். ஒரு ராஜா ஆண்டாரா என்று என்னிடம் கேட்டால் கிரீடத்தைப் பார்க்க மாட்டேன். அந்த வருஷம் குடியானவன் நெல்லை யார் களஞ்சியத்தில் கொண்டுபோய் அளந்தான் என்று பார்ப்பேன்.

அந்தக் கணக்கில் 11-ஆம் நூற்றாண்டில் தாமிரபரணிக் கரை சோழன் கையில். ராஜேந்திர சோழன் தன் மகனையே 'சோழ பாண்டியன்' என்று பட்டம் கட்டி இங்கே உட்கார வைத்தான். அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கிற மன்னார்கோவிலுக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். அங்கே இருக்கிற பெருமாள் கோயிலுக்குக் கல்வெட்டில் ராஜேந்திர சோழ விண்ணகரம் என்று பெயர். கட்டியவர் ராஜசிம்மன் என்ற சேர அரசர். இடம் பாண்டிநாடு, பெயர் சோழனுடையது, கட்டினது சேரன். மூவேந்தரும் ஒரே மதிலுக்குள் வருகிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

ஜப்பான் கதை இன்னும் மோசம். சுமார் எழுநூறு வருஷம் அதிகாரம் ஷோகன் என்ற படைத்தலைவர்களிடம்தான். சக்கரவர்த்தி கியோத்தோ அரண்மனையில் சும்மா இருந்தார். 1500-ல் ஒரு சக்கரவர்த்தி இறந்தபோது அடக்கம் பண்ணப் பணமில்லாமல் உடல் நாற்பது நாளுக்கு மேல் கிடந்தது. அடுத்து வந்தவர் முறைப்படி பட்டமேற்புச் சடங்கு நடத்த இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார், அதற்கும் பணமில்லை. வம்சம் அறுபடவில்லை என்பது உண்மை. ஆண்டார்கள் என்பதை உங்கள் பேராசிரியரிடமே விட்டுவிடுகிறேன்.

● தென்காசிப் பாண்டியர்கள் கடைசியில் என்ன ஆனார்கள்?
– வாசகி, கடையம்

தேய்ந்தார்கள் தாயி. பெரிய போர் எதுவும் வந்து முடித்துவைக்கவில்லை. முதலில் விஜயநகரத்துக்கு, பிறகு மதுரை நாயக்கருக்குக் கப்பம் கட்டிக் கட்டி ராஜ்யம் சுருங்கியது. ராஜ்யம் சுருங்கச் சுருங்கத் தமிழ் வளர்ந்ததுதான் வேடிக்கை. நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியர் அந்த வரிசைதான்.

1446-ல் கோயில் வேலையைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியர் அங்கே ஒரு பாட்டை வெட்டி வைத்திருக்கிறார். இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதாவது குறை வந்தால் அதைச் சரிசெய்கிறவர் யாராக இருந்தாலும் சரி, உலகமறிய அவர்களைப் பணிகிறேன் என்பது பொருள். தன் வம்சம் நிற்காது என்று தெரிந்த ராஜா எழுதுகிற எழுத்து அது. பின்னாளில் ராஜகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாகத்தான் நின்றது. 1990-ல் ஒன்பது நிலையாக எழும்பியது. கட்டினவர்களை ராஜா ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே கும்பிட்டு முடித்துவிட்டார்.

● எங்க தாத்தா, அப்பா எல்லாரும் மாஞ்சோலை எஸ்டேட்ல வேலை பார்த்தவங்க. கம்பெனி பேர் பாம்பே பர்மா. டீத்தோட்டக் கம்பெனிக்கு எதுக்கு அண்ணாச்சி பர்மா பேரு?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

இந்த வாரக் கடிதங்களிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். தம்பி, உங்கள் தாத்தா வேலை பார்த்த கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் ஒரு ராஜ்யமே கவிழ்ந்தது.

கம்பெனி தொடங்கியது 1863-ல், பம்பாயில். அப்போது அவர்களுக்குத் தேயிலை அல்ல, தேக்குதான் தொழில். மேல் பர்மாவில் ராஜாவிடம் காட்டைக் குத்தகை பிடித்து, மரத்தை வெட்டி ஆற்றில் விட்டுக் கீழே கொண்டுவருவார்கள். அங்கே 1752 முதல் கொன்பவுங் என்ற வம்சம். தலைநகரம் மாண்டலே. 1885-ல் திபோ ராஜாவின் மந்திரி சபை கம்பெனிக் கணக்கைத் தோண்டியது. வெட்டின மரத்துக்கும் தீர்வை கட்டின மரத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்று இருபது லட்சம் ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. தணிக்கைக் குறிப்பு எழுதின கை எனக்கும் உண்டு. எழுதினதற்கு இடமாற்றம் வரலாம், படையெடுப்பு வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. திபோவுக்கு வந்தது. கம்பெனி வெள்ளைக்கார அரசிடம் முறையிட்டது. அக்டோபரில் இறுதி எச்சரிக்கை போனது. நவம்பரில் நீராவிப் படகுகளில் படை ஆற்றின் மேலே ஏறியது. இரண்டு வாரச் சண்டை. நவம்பர் 28-ல் மாண்டலே விழுந்தது. மறுநாள் ராஜாவையும் ராணியையும் மாட்டு வண்டியில் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோனார்கள். 1886 ஜனவரி 1-ல் நாடே பிரிட்டிஷ் கணக்கில் வரவு.

மரக்கணக்கு ஒரு சாக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பர்மா ராஜா பிரெஞ்சுக்காரரோடு ஒட்டுகிறார் என்ற பயம்தான் உள்ளே இருந்தது. ஆனால் சாக்குக்கு ஒரு ரசீது வேண்டுமே, அது தேக்கு மரத்தில் கிடைத்தது.

திபோவைக் கொங்கணக் கடற்கரையில் ரத்னகிரிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கேயே முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து 1916-ல் இறந்தார். டெல்லியின் கடைசி முகலாயர் பகதூர் ஷாவை ரங்கூனுக்கு அனுப்பினவர்களும் இவர்களே. இந்தக் கரை ராஜா அந்தக் கரைக்கு, அந்தக் கரை ராஜா இந்தக் கரைக்கு.

சரி, மாஞ்சோலைக்கு வருவோம். சிங்கம்பட்டி ஜமீனுக்குப் பணமுடை, வழக்குச் செலவு என்று ஊரில் சொல்வார்கள். 1929-ல் சுமார் 8,400 ஏக்கர் மலையை 99 வருஷக் குத்தகைக்கு அதே கம்பெனியிடம் கொடுத்தார்கள். பர்மாவில் காட்டைக் குத்தகைக்குக் கொடுத்தவர் ராஜ்யம் போய் 44 வருஷம் ஆகியிருந்தது. பிறகு 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து மலை சர்க்காருக்குப் போனது. குத்தகைதாரர் மாறவில்லை, பணம் வாங்குகிற கை மட்டும் மாறியது. 2028-ல் முடிய வேண்டிய குத்தகை, நான்கு வருஷம் முன்பாகவே தொழிலாளர்களை மலையிலிருந்து இறக்கிவிட்டது. 1999 ஜூலையில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் தாமிரபரணிக் கரையில் உயிர்கள் போனதை இங்கே அடைக்க மாட்டேன். அதற்குத் தனி இடம் வேண்டும்.

● சிங்கம்பட்டி ராஜா போல, பட்டம் கட்டின பிறகு நாட்டை இழந்தவர்கள் வெளிநாட்டில் யாராவது உண்டா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

ஒரு பெரிய கூட்டமே உண்டு. சிங்கம்பட்டியில் 2020-ல் காலமானவரைச் சின்ன வயதில் பட்டம் கட்டிய கடைசி ஜமீன்தார் என்று சொல்வோம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் ராஜ உடுப்போடு அவர் காட்சி கொடுத்ததைப் பார்த்தவர்கள் உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருப்பார்கள்.

பல்கேரியாவில் சிமியோன் என்று ஒருவர். 1943-ல் ஆறு வயதில் ராஜா. 1946-ல் ஒன்பது வயதில் நாடு கடத்தப்பட்டார். வளர்ந்து, பிழைத்து, 2001-ல் ஊருக்குத் திரும்பிக் கட்சி தொடங்கித் தேர்தலில் ஜெயித்துப் பிரதமரே ஆகிவிட்டார். நான்கு வருஷம் இருந்தார். அடுத்த தேர்தலில் ஜனங்கள் இறக்கிவிட்டார்கள். இரண்டு தடவை பதவி போனதில் இரண்டாவதுதான் அவருக்குக் கௌரவம் என்பேன்.

● அதிக ஆடம்பரம் காட்டி அழிந்த ராஜா யார்?
– வாசகி, வீரவநல்லூர்

போட்டி கடுமை. என் ஓட்டு ஈரானின் ஷாவுக்கு. பாரசீக முடியாட்சிக்கு 2,500 வருஷம் என்று 1971-ல் பெர்சபோலிஸ் பாலைவெளியில் கூடாரம் அடித்து, பாரிஸிலிருந்து சமையல் வரவழைத்து, உலகத் தலைவர்களை உட்கார வைத்து விருந்து போட்டார். அவருடைய சொந்த வம்சத்துக்கு அப்போது வயது 46. அப்பா குதிரைப்படைச் சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்தவர், 1925-ல்தான் ஷா ஆனார். விருந்து நடந்து எட்டு வருஷத்தில், 1979 ஜனவரியில், மகன் விமானம் ஏறினார். 1980-ல் கெய்ரோவில் இறந்தார். அங்கே அவரை அடக்கம் செய்த மசூதியிலேயே எகிப்தின் கடைசிக்கு முந்தைய ராஜா ஃபரூக்கும் கிடக்கிறார். ஃபரூக்கின் தங்கைதான் ஷாவின் முதல் மனைவி, பிறகு விவாகரத்து. மச்சினனும் மச்சினனும் ஒரே கூரைக்குக் கீழே.

● ராஜமானியத்தை இந்திரா காந்தி நிறுத்திட்டாங்க. ஆனா ஆற்காட்டு நவாப் குடும்பத்துக்கு மட்டும் இன்னும் பென்ஷன் போகுதுன்னு எங்க வாப்பா சொல்றாங்க. நெசமா?
– வாசகி, மேலப்பாளையம்

வாப்பா சொன்னது சரிதான் அம்மா. 1971-ல் நிறுத்தியது, சுதந்திரத்தின்போது இந்தியாவோடு இணைந்த சமஸ்தான ராஜாக்களுக்கான மானியத்தை. ஆற்காட்டுக் கணக்கு அதற்கும் பழையது.

நவாப் முகமது அலி கடன் வாங்கியே ஆண்டவர். கடனுக்கு ஈடாக வரி வசூலையே எழுதிக் கொடுத்தார். 1792 ஒப்பந்தத்தில் நம் பக்கத்துப் பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் உரிமையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. பாஞ்சாலங்குறிச்சியாரைக் கலெக்டர் ஜாக்சன் ஊர் ஊராக அலையவிட்டு ராமநாதபுரத்துக்கு வரவழைத்தது எந்த அதிகாரத்தில் என்று பலர் கேட்பார்கள். அதிகாரம் அந்தக் கடன் பத்திரத்தில் இருந்தது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டது 1799. அப்போதும் பேருக்கு நவாப்தான் ராஜா. 1801-ல் மிச்சமும் போனது. நவாபுக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 1855-ல் வாரிசில்லை என்று சொல்லிப் பட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, 1867-ல் அந்தக் குடும்பத்துக்கு ஆற்காட்டு இளவரசர் என்று புதுப் பட்டமும், தலைமுறை தலைமுறையாகப் பென்ஷனும் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் எழுதிக் கொடுத்ததைச் சுதந்திர சர்க்காரும் மதித்தது. சென்னை ராயப்பேட்டை அமீர் மகாலில் குடும்பம் இருக்கிறது.

லக்னோவிலும் அவத் நவாபுகளின் வழியில் வந்தவர்களுக்கு 'வசீகா' என்று ஒரு பென்ஷன், அதற்கென்றே ஒரு ஆபீஸ். கம்பெனிக்கு நவாப் வீட்டார் கொடுத்த கடனின் வட்டி அது. பங்கு பிரிந்து பிரிந்து சிலருக்கு மாதம் சில ரூபாய்தான். வாங்கப் போகிற ஆட்டோ செலவு அதைவிட ஜாஸ்தி, ஆனாலும் போய் வாங்குகிறார்கள். கையெழுத்துப் போடுகிற அந்த ஒரு நிமிஷம் அவர்கள் நவாப்.

● வேலூரில் ஒரு சிங்கள ராஜா சமாதி இருக்கிறதாமே?
– வாசகர், திருச்செந்தூர்

கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சமாதி அது. சிங்களநாட்டு ராஜா, ஆனால் மதுரை நாயக்கர் வழி. 1730-களில் மதுரையில் நாயக்கர் ஆட்சி அணைந்தது. 1739-ல் கண்டியில் வாரிசு இல்லாமல் பட்டத்து ராணியின் தம்பி சிம்மாசனம் ஏறினார். இங்கே போன விளக்கு அங்கே எரிந்தது, நான்கு ராஜாக்கள் வரை. அவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753-ல் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, இலங்கையில் அற்றுப்போயிருந்த துறவுச் சடங்கை மறுபடி தொடங்கி வைத்தார். 1815-ல் சொந்தப் பிரதானிகளே கடைசி ராஜாவைக் கைவிட்டார்கள். வெள்ளைக்காரர் பிடித்து வேலூர்க் கோட்டையில் வைத்து, 1832-ல் அங்கேயே முடிந்தது. அவருடைய சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934-ல் இலங்கைக்குத் திரும்பியது. ராஜா திரும்பவில்லை.

● கிஸ்தி ரசீதில் 'பசலி 1434' என்று போட்டிருக்கிறது. இது எந்த ஊர் வருஷம்?
– விவசாயி, பத்தமடை

முகலாயர் வருஷம் ஐயா. அறுவடையை ஒட்டி வரி வாங்க வசதியாக அக்பர் காலத்தில் ஏற்பட்டது. நம் பக்கத்தில் ஜூலை 1-ல் பிறக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம். 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. முகலாயப் படை தாமிரபரணியில் கால் நனைத்து ஆண்டதே கிடையாது. ஆனால் நவாப் கொண்டுவந்தார், கம்பெனி வைத்துக்கொண்டது, ராணி வைத்துக்கொண்டார், நாமும் வைத்திருக்கிறோம். பகதூர் ஷா ரங்கூனில் கண் மூடியது 1862-ல். அவர் முன்னோர் போட்ட வருஷத்தில்தான் இன்றைக்கும் கிராமக் கணக்கைச் சரிபார்க்கிற ஜமாபந்தி நடக்கிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்து ஜமீன் ரசீது, ஊற்றுமலை, எட்டயபுரம், சிவகிரி, எதுவானாலும் கிடந்தால் செராக்ஸ் எடுத்து அனுப்புங்கள். அடுத்த மாதம் அதை வைத்தே ஒரு பக்கம் எழுதலாம் என்று இருக்கிறேன். அசலை மட்டும் தயவுசெய்து தபாலில் போடாதீர்கள்.