பேட்டரி தீருமுன் மழை வந்துவிடும்: வெளியே எடுத்துப்போகும் ரேடியோ, வாசகர் கேள்விகள்

சில வாரங்களாக வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். அமெச்சூர் ரேடியோவை, அதாவது கேட்கவும் அனுப்பவும் முடிந்த ரேடியோவை, வெளியே எடுத்துப்போக எந்த பேட்டரி வாங்குவது? சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டுச் சன்னலில் ஆன்டெனா கட்டி, பக்கத்து வீட்டு எல்இடி விளக்கின் இரைச்சலைக் கேட்டு அலுத்தவர்கள் எல்லாரும் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. நல்லதுதான்.

அண்ணே, ஐகாம் ஐசி-705 ரேடியோ வாங்கியிருக்கிறேன். கூடவே ஒரு பேட்டரி வந்திருக்கும்போது வெளியிலிருந்து இன்னொன்று எதற்கு? வாங்கினால் எத்தனை ஏஎச் (ஆம்ப்-அவர், பேட்டரியின் கொள்ளளவு)? (தெம்பனிஸ்)

உள்ளே மாட்டும் பேட்டரியில் 5 வாட்தான் கிடைக்கும். வெளியிலிருந்து 13.8 வோல்ட் கொடுத்தால் 10 வாட். இரண்டு மடங்கு என்றதும் ஆசை வரும். ஆனால் அது 3 டெசிபல்தான், எதிர்முனையில் இருப்பவரின் எஸ் மீட்டரில், அதாவது சிக்னல் பலம் காட்டும் மீட்டரில், அரைக் கோடு. வாட்டுக்காக வாங்காதீர்கள், நேரத்துக்காக வாங்குங்கள்.

நேரத்தைக் கணக்கிடுவது சுலபம். இந்த ரேடியோ 10 வாட்டில் அனுப்பும்போது சுமார் 3 ஆம்ப் இழுக்கும், கேட்கும்போது அரை ஆம்புக்கும் குறைவு. கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையில் 30 வினாடிக்கு ஒருமுறை ஏறத்தாழ 12.6 வினாடி அனுப்புகிறீர்கள். சராசரி போட்டால் ஒன்றரை ஆம்ப் வருகிறது. 7 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் பத்தில் ஒன்பது பங்கைப் பயன்படுத்தினாலும் நாலு மணி நேரம் தாங்கும். வாயால் பேசுவதென்றால் கேட்கும் நேரமே அதிகம், அதனால் பகல் முழுக்க ஓட்டலாம். நம் ஊரில் நாலு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார மழையும் கொசுவும் விடுமா என்பது வேறு கேள்வி. 7 ஏஎச் போதும்.

அலுவலகத்தில் கழித்துப்போட்ட யூபிஎஸ்ஸிலிருந்து 12 வோல்ட் 7 ஏஎச் ஈய பேட்டரி இலவசமாகக் கிடைத்தது. அதுவும் 7 ஏஎச்தானே? (உட்லண்ட்ஸ்)

எழுத்தில் அதே 7தான். ஈய பேட்டரியின் மேல் போட்டிருக்கும் அந்த 7, இருபது மணி நேரத்தில் மெல்ல மெல்ல, அதாவது 0.35 ஆம்பாக எடுத்தால் கிடைப்பது. 3 ஆம்பாக இழுத்தால் அவ்வளவு தராது. பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் ஆயுளும் சுருங்கும். கையில் நிற்பது மூன்று, மூன்றரை ஏஎச் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ்ஸில் சில வருடம் கிடந்த பேட்டரி என்றால் அதுவும் சந்தேகம்.

வோல்ட்டேஜ் இன்னொரு தலைவலி. பெரும்பாலான ரேடியோக்கள் கேட்பது 13.8 வோல்ட், கூடக் குறைய 15 சதவீதம். கீழ் எல்லை 11.7. பாதி காலியான ஈய பேட்டரி சும்மா இருக்கும்போதே 12 வோல்ட் பக்கம் நிற்கும், அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் எல்லைக்குக் கீழே போய்விடும். இரும்பு பாஸ்பேட் அப்படியில்லை. கடைசிவரை 13 வோல்ட்டை ஒட்டியே நின்று, முடியும்போது சட்டென்று விழும்.

எடையைப் பற்றி என் தோளைக் கேளுங்கள். முன்பு ஒருமுறை 18 ஏஎச் ஈய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு சாங்கியில் படகேறி புலாவ் உபின் போனேன். இறங்கித் துறையிலிருந்து அரை மணி நேரம் நடந்ததும், வந்த வேலையை மறந்து இளநீர்க் கடையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் 7 ஏஎச் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். இரும்பு பாஸ்பேட்டில் அதே அளவு ஒரு கிலோவை ஒட்டித்தான். இலவசத்தை வீட்டில் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

யேசு (Yaesu) எஃப்டி-891 ரேடியோ வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கிய 6 ஏஎச் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் கேட்பதெல்லாம் ஜோராக இருக்கிறது. மைக்கில் பேசினால் ரேடியோ அணைந்துவிடுகிறது. பேட்டரி பழுதா? (ஈசூன்)

பழுதில்லை, காவலாளி வேலை செய்கிறார். அந்தப் பெட்டிக்குள் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புப் பலகை இருக்கிறது. அனுமதித்த அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் அது இணைப்பைத் துண்டித்துவிடும். சின்ன பேட்டரிகளில் அந்த அளவு பல சமயம் 10 ஆம்ப் பக்கம்தான். உங்கள் ரேடியோ 100 வாட்டில் 23 ஆம்ப் வரை கேட்கும். வாங்கும்போது எல்லாரும் ஏஎச்சைப் பார்க்கிறார்கள். தொடர்ந்து எத்தனை ஆம்ப் தரும் என்ற வரி பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும்.

புது பேட்டரி வாங்கும் முன் வாட்டைக் குறைத்துப் பாருங்கள். 100 வாட்டிலிருந்து 30க்கு இறங்கினால் இழப்பது 5 டெசிபல், எஸ் மீட்டரில் ஒரு கோடுகூட இல்லை. மெனுவில் இரண்டு நிமிட வேலைக்கு நூறு நூற்றைம்பது வெள்ளியைக் கொட்ட வேண்டாம்.

வயரையும் பாருங்கள். 1 சதுர மில்லிமீட்டர் வயர் இரண்டு மீட்டர் நீளம் என்றால் போக வர நாலு மீட்டர். 20 ஆம்ப் ஓடும்போது அந்த வயரே 1.4 வோல்ட் விழுங்கிவிடும். 2.5 சதுர மில்லிமீட்டராக்கினால் அரை வோல்ட்டோடு போகும். ஃபியூஸை பேட்டரியின் பிளஸ் முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். ஃபியூஸ் காப்பது வயரை, ரேடியோவை அல்ல. முதலைக் கிளிப் வேண்டவே வேண்டாம். இருட்டில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கடித்த ஒரு கிளிப் எனக்கு ஒரு ட்யூனரைச் செலவு வைத்தது.

கைப்பேசிக்கு வைத்திருக்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்கிலேயே ரேடியோவை ஓட்டலாமா? 20 ஏஎச் ஆயிற்றே! (பொங்கோல்)

ஆகவில்லை. அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 20 ஏஎச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-அவர், அதுதான் உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல். 12.8 வோல்ட்டுக்கு மாற்றினால் 5.8 ஏஎச், மாற்றும்போது வீணாவதைக் கழித்தால் ஐந்து சொச்சம். பேட்டரிகளை எப்போதும் வாட்-அவரில் ஒப்பிடுங்கள்.

யூஎஸ்பி பிடி (USB PD) என்ற சார்ஜ் முறையில் கட்டாயமான வோல்ட் படிகள் 5, 9, 15, 20. 12 வோல்ட் எல்லாவற்றிலும் இருக்காது. வேண்டிய வோல்ட்டைக் கேட்டு வாங்கும் ட்ரிகர் கேபிள் தவறி 20 வோல்ட்டைக் கேட்டுவிட்டால் ரேடியோ போச்சு. அதோடு பவர் பேங்கின் உள்ளே இருக்கும் மாற்றிச் சுற்று குறுகிய அலையில் இரைச்சல் போடும். இரைச்சலுக்குப் பயந்துதானே வீட்டை விட்டு வெளியே வந்தீர்கள்?

சென்னைக்குப் போகும்போது பேட்டரியை விமானத்தில் கொண்டுபோக முடியுமா? (பிடோக்)

100 வாட்-அவருக்குள் என்றால் கைப்பையில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் இரண்டுதான். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 12.8 வோல்ட் 7 ஏஎச் என்றால் 89.6, தாராளம். 8 ஏஎச் என்றால் 102.4. அந்த 2.4க்காகக் கவுண்டரில் வாதாட வேண்டியிருக்கும்! முனைகளை டேப் போட்டு மூடுங்கள், வாட்-அவர் எண் தெளிவாக அச்சிடப்பட்ட பேட்டரியையே எடுத்துப்போங்கள். 9வி1 என்று தொடங்கும் சிங்கப்பூர் அமெச்சூர் உரிமம் கையில் இருக்கிறது என்பதால் அங்கே ஒலிபரப்ப முடியாது. அந்த நாட்டு அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள்.

இணையத்தில் 12 ஏஎச் பேட்டரி பாதி விலைக்கு வருகிறது. நம்பலாமா? (சுவா சூ காங்)

தராசில் வையுங்கள். 32700 வகை இரும்பு பாஸ்பேட் செல் ஒன்று 6 ஏஎச், எடை 140 முதல் 150 கிராம். 12.8 வோல்ட்டுக்கு நாலு செல் வரிசையாக வேண்டும், 12 ஏஎச்சுக்கு அப்படி இரண்டு வரிசை, ஆக எட்டு செல். பெட்டியும் பலகையும் சேர்க்காமலே ஒரு கிலோவைத் தாண்டுகிறது. வந்த பொட்டலம் 800 கிராம் என்றால் உள்ளே 12 இல்லை. இதேபோல 18650 வகை லித்தியம் அயன் செல்லில் 9,900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். நல்ல செல்லே 3,500 பக்கம்தான் தரும்.

பழைய கார் சார்ஜரில் இரும்பு பாஸ்பேட்டை சார்ஜ் செய்யலாமா? மீட்டரில் 13.2 காட்டினால் எவ்வளவு மிச்சம்? (தோ பாயோ)

முதல் கேள்விக்கு, வேண்டாம். சல்பேட் நீக்கும் வசதியுள்ள ஈய சார்ஜர்கள் 15 வோல்ட்டுக்கு மேலும் ஏற்றும். 14.6 வோல்ட்டில் நிற்கும் தனி சார்ஜர் வாங்குங்கள். அதையும் நீங்கள் விழித்திருக்கும்போது, வாசற்கதவை மறிக்காத இடத்தில் வைத்துப் போடுங்கள்.

இரண்டாவதற்கு, 13.2 என்பது எண்பது சதவீதமாகவும் இருக்கலாம், ஐம்பதாகவும் இருக்கலாம். இந்த வகை பேட்டரியில் வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. வயரின் நடுவே ஒரு வாட்-அவர் மீட்டரைச் செருகி, செலவானதைக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

எந்த கனெக்டர்? (ஜூரோங்)

ஆண்டர்சன் பவர்போல். 15, 30, 45 ஆம்ப் முள் எல்லாமே ஒரே கூட்டுக்குள் பொருந்தும். பக்கத்து மேசைக்காரரிடமும் அதுதான் இருக்கும், உங்கள் பேட்டரி முடிந்தால் அவருடையதைக் கடன் கேட்கலாம்.