ஆரம்பாக்கம் தாண்டினால் வயர்மேன் லைசென்ஸ் செல்லுமா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்து, தமிழ்நாட்டில் வயர்மேன் லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன். ஆந்திர எல்லைக்குள், தடா பக்கம் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறார் ஒரு கான்ட்ராக்டர். என் லைசென்ஸ் அங்கே செல்லுமா? டேங்கர் ஓட்டும் அண்ணன், "என்னுது இந்தியா முழுக்கச் செல்லுதே, உன்னுது மட்டும் செல்லாதா?" என்கிறார்.

பதில்: அண்ணன் சொல்வது அவருடைய லைசென்ஸுக்குச் சரி. ஓட்டுநர் உரிமம் நாடு முழுவதும் செல்லும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13ஆவது பிரிவே சொல்லிவிட்டது. மணலியில் லோடு ஏற்றி நெல்லூரில் இறக்குகிறவர் எல்லையில் புது உரிமம் தேடவேண்டியதில்லை.

உங்கள் வேலைக்கு அப்படி இல்லை தம்பி. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், வயரிங் செய்கிறவரிடம் மாநில அரசு வழங்கிய, அல்லது ஏற்றுக்கொண்ட அனுமதி இருக்கவேண்டும் என்கின்றன. ரயிலில் ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன்தான் தடா. ஆனால் அங்கே மாநில அரசு என்றால் ஆந்திர அரசு. நம்மூர் மின் உரிம வாரியம் கொடுத்த லைசென்ஸ் தானாகச் செல்லாது. அவர்கள் அதை ஏற்கவேண்டும், இல்லை புதிதாகக் கொடுக்கவேண்டும்.

இங்கேதான் நிறையப் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். ஐ.டி.ஐ.யில் வாங்கிய தேசிய தொழிற்சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும். ஆனால் அது படித்ததற்கான சான்று, வேலை செய்ய அனுமதி அல்ல. ஆந்திராவில் விண்ணப்பிக்கும்போது அதையும் வயர்மேன் லைசென்ஸையும் அனுபவச் சான்றையும் சேர்த்து வையுங்கள். லைசென்ஸ் காலாவதி ஆகப்போகிறது என்றால் முதலில் இங்கேயே புதுப்பித்துவிடுங்கள்.

பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவதற்கு இந்த விதியில் விலக்கு உண்டு. புதிதாக ஒரு பாயின்ட் இழுத்தாலும் விலக்கு போய்விடும். "யாரும் வந்து பார்க்கமாட்டாங்க" என்று கான்ட்ராக்டர் சொன்னால் நம்பாதீர்கள். ஷாக் அடித்து ஒருவருக்கு ஏதாவது ஆனால், 2003 மின்சாரச் சட்டத்தின் 161ஆவது பிரிவுப்படி விசாரணை வரலாம். அப்போது யாரிடம் என்ன லைசென்ஸ் இருந்தது என்ற கேள்வி உங்கள் பக்கம்தான் திரும்பும்.

ஆகவே சேரும் முன்பே கான்ட்ராக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: அவருடைய கான்ட்ராக்டர் உரிமம் ஆந்திராவில் செல்லுபடியா, தகுதிச் சான்றுள்ள சூப்பர்வைசர் யார், உங்கள் லைசென்ஸை அங்கே ஏற்கவைக்கும் செலவு யாருடையது. பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவையுங்கள்.