மகன் ஃப்ராட்டர்னிட்டியில் சேரப் போகிறான்: எவ்வளவு எடுத்து வைக்கலாம், எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: டல்லாஸ் அருகே பிளேனோவில் இருக்கிறோம். மகன் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஒரு ஃப்ராட்டர்னிட்டி (கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஆண் மாணவர் சங்கம்) அவனைச் சேரச் சொல்லி அழைத்திருக்கிறது. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். செமஸ்டருக்கு 700 டாலர் என்கிறான். அவ்வளவுதானா? படிப்புக்காகச் சேர்த்த 529 கணக்கிலிருந்து (வரிச் சலுகையுள்ள கல்விச் சேமிப்புக் கணக்கு) கட்டலாமா? ரகசியச் சடங்கு, உறுதிமொழி என்றெல்லாம் சொல்கிறான். ரேகிங் நடக்குமோ என்று மனைவிக்குப் பயம்.

பதில்: 700 என்பது சந்தா மட்டும்தான். பையன் பொய் சொல்லவில்லை, அவனிடம் அவ்வளவுதான் சொல்லியிருப்பார்கள்.

முதல் செமஸ்டரில் சந்தாவோடு வேறு சிலதும் சேரும். புதிய உறுப்பினர் கட்டணம் ஒன்று, சடங்கு முடித்து முழு உறுப்பினர் ஆகும்போது தலைமை அமைப்புக்குப் போகும் கட்டணம் இன்னொன்று. காப்பீட்டுத் தொகையைச் சில இடங்களில் சந்தாவிலேயே சேர்த்திருப்பார்கள், சில இடங்களில் தனியாக வாங்குவார்கள். இவற்றில் பெரும்பாலானவை திரும்பி வராத பணம். மூன்றாவது வாரத்தில் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று பையன் வெளியே வந்தாலும் கட்டியது கட்டியதுதான்.

பில்லில் வராத செலவு வேறு. உதாரணத்துக்கு ஒரு செமஸ்டரை எடுத்துக்கொள்வோம். அமைப்பின் கிரேக்க எழுத்து பொறித்த டி-ஷர்ட் நிகழ்ச்சிக்கு ஒன்று வீதம் வரும், ஒவ்வொன்றும் 20, 25 டாலர். சடங்குக்குக் கறுப்பு சூட், வாராந்தரக் கூட்டத்துக்கு பிளேசரும் டையும் வேண்டும். சட்டையில் குத்தும் பேட்ஜில் சாதாரணமானதும் உண்டு, கல் பதித்துப் பல நூறு டாலருக்குப் போவதும் உண்டு. சாதாரணமானதே போதும், மற்றதற்கு ஆசைப்பட்டால் அவன் காசில் வாங்கட்டும். செமஸ்டர் கடைசியில் 'ஃபார்மல்' என்று ஒரு விருந்து நடக்கும். அதை வெளியூரில் வைத்தால் ஹோட்டல், பயணம், கூட வரும் பெண்ணின் செலவு என்று அது ஒன்றே சந்தாவின் பாதியைத் தொட்டுவிடும். கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதமும் உண்டு. ஆகவே 700 என்று சொன்னால் முதல் செமஸ்டருக்கு அதன் இரண்டு மடங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது செமஸ்டரிலிருந்து குறையும்.

இது ஃப்ராட்டர்னிட்டி வீட்டில் தங்காதவர்களுக்கான கணக்கு. உறுப்பினர்கள் தங்க அமைப்புக்குச் சொந்த வீடு இருந்து, அடுத்த ஆண்டு அங்கே தங்கியாக வேண்டும் என்று விதியும் இருந்தால் கதையே வேறு. வாடகையும் சாப்பாடும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் போகும். வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் முழுக் கல்வியாண்டுக்கும் போடப்படும். நடுவில் விலகினாலும் வாடகை நிற்காது. கையெழுத்துப் போடும் முன் அந்த ஒப்பந்தத்தை நீங்களும் ஒருமுறை படியுங்கள். பெற்றோரையும் பொறுப்பேற்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்களா என்று பாருங்கள். சைவச் சாப்பாடு என்றால் அதையும் இப்போதே கேட்டுவிடுவது நல்லது. 'சாலட் இருக்கும்' என்று பதில் வந்தால், அவன் தினமும் வெளியே வாங்கிச் சாப்பிடப் போகிறான் என்று அர்த்தம். அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

529 பற்றி: சந்தாவுக்கும் சேர்க்கைக் கட்டணத்துக்கும் அதிலிருந்து எடுக்காதீர்கள். அது தகுதியான கல்விச் செலவு ஆகாது. எடுத்தால் அந்தத் தொகைக்கு உரிய லாபப் பங்குக்கு வருமான வரியும் அதன் மேல் 10 சதவீத அபராத வரியும் வரும். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் எடுக்கலாம். மாணவர் குறைந்தது பாதி நேரப் படிப்பில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் அதற்கென்று அறிவித்திருக்கும் தொகையைத் தாண்டவும் கூடாது. சந்தாவும் வாடகையும் ஒரே பில்லில் வந்தால் பிரித்துத் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். சந்தாவை நன்கொடையாகக் காட்டி வரிச் சலுகை பெறவும் முடியாது.

என் அபிப்பிராயம் கேட்டால், சந்தாவில் பாதியையாவது பையன் பகுதி நேர வேலை செய்து கட்டட்டும். தவணைத் திட்டம் பெரும்பாலும் இருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். பாக்கி வைத்தால் சில அமைப்புகள் கடன் வசூல் ஏஜென்சியிடம் கொடுத்துவிடுகின்றன. இருபது வயதில் கிரெடிட் ஸ்கோர் அடிவாங்குவது நன்றாகவா இருக்கும்?

சரி, சடங்குகளுக்கு வருவோம். அழைப்புக்குப் பெயர் 'பிட்'. அதை ஏற்றவுடன் ஒரு சின்ன விழாவில் புதிய உறுப்பினருக்கான சின்னத்தைச் சட்டையில் குத்துவார்கள். அதற்குப் பிறகு சில வாரங்கள் பயிற்சிக் காலம். அமைப்பின் வரலாறு, நிறுவனர்கள் பெயர், கிரேக்க எழுத்து வரிசை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும். நடுவில் ஒரு மூத்தவரை அவனுக்கு 'பிக் பிரதர்' ஆக்குவார்கள். அவருக்கு ஒரு பிக், அவருக்கு ஒரு பிக் என்று வம்சாவளி மாதிரி மேலே போய்க்கொண்டே இருக்கும். இந்த உறவு நன்றாக அமைந்தால் வேலை தேடும்போதும் உதவும். கடைசியாக முழு உறுப்பினர் ஆகும் சடங்கு: மூடிய கதவு, சூட், உறுதிமொழி, ரகசியக் கைகுலுக்கல். இதைப் பையன் உங்களிடம் சொல்ல மாட்டான், நீங்களும் தோண்ட வேண்டாம். பழைய அமைப்புகள் சிலவற்றின் சடங்கில் கிறிஸ்தவ வாசகங்கள் உண்டு. மத உறுதிமொழி இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டால் பொதுவாக மறைக்க மாட்டார்கள்.

இந்தியப் பிள்ளைகளுக்கு என்றே தொடங்கியவையும் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1998-இல் பிறந்த டெல்டா எப்சிலான் சை அதில் ஒன்று. இவற்றில் பெரும்பாலும் பெரிய வீடு கிடையாது, செலவு கொஞ்சம் குறையும். 'நம்ம பசங்கதானே' என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். கீழே சொல்லப்போவது அவர்களுக்கும் பொருந்தும்.

உங்கள் மனைவியின் பயம் வீண் பயம் இல்லை. ஆனால் ஆபத்து இருப்பது கடைசி நாள் சடங்கில் இல்லை, அதற்கு முந்தைய வாரங்களில். நம் ஊரில் 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு ரேகிங்கில் கொலையானதற்குப் பிறகு 1997-இல் தமிழ்நாட்டில் ரேகிங் தடைச் சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். நம் ஊர் ரேகிங்கில் புதிதாக வந்தவன் தப்பித்து ஓடப் பார்ப்பான். இங்கே 'ஹேஸிங்' நடக்கும்போது பையன் தானே விரும்பி நிற்பான், ஏனென்றால் அவனுக்கு உறுப்பினர் ஆக வேண்டும். அதனால் வீட்டில் வாயைத் திறக்க மாட்டான். பெரும்பாலும் சாராயம்தான் எமன். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிட் ஏற்ற அன்று இரவே ஒரு 19 வயது மாணவனுக்கு அளவுக்கு மீறிக் குடிக்கக் கொடுத்தார்கள். படியில் உருண்டு விழுந்தவனுக்கு மறுநாள் காலை வரை யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. அவன் இறந்தான். அடுத்த ஆண்டு அந்த மாநிலம் கடுமையான சட்டம் கொண்டுவந்தது.

டெக்சாஸ் சட்டப்படி ஹேஸிங் குற்றம். 'அவனே சம்மதித்தான்' என்ற வாதம் செல்லாது. 2019-இல் திருத்திய சட்டத்தின்படி, தண்டிக்கப்பட்ட அமைப்புகளின் விவரத்தைப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் போட வேண்டும். 2024 டிசம்பரில் வந்த மத்தியச் சட்டம் இதை நாடு முழுவதற்கும் விரித்திருக்கிறது. எனவே இன்றே பல்கலைக்கழக இணையதளத்தில் ஹேஸிங் அறிக்கையைத் தேடி, அந்த அமைப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தால் என்ன செய்தார்கள் என்றும் அதிலேயே இருக்கும். அப்புறம் பல்கலைக்கழகத்தில் இந்தக் கிரேக்க எழுத்து அமைப்புகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, 'இவர்களுக்கு உங்கள் அங்கீகாரம் உண்டா?' என்று கேளுங்கள். அங்கீகாரத்தை உதறிவிட்டு வெளியே தனியாக நடத்துகிறவர்களும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகம் இருக்கும் போல்டரில் 2005 முதல் அப்படித்தான். அப்படிப்பட்டதாக இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

பையனிடம் இரண்டு விஷயம் பேசி வையுங்கள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் திட்டாமல் வந்து கூட்டிப்போவோம் என்பது ஒன்று. யாராவது எழுப்பியும் எழாமல் கிடந்தால் யாரிடமும் அனுமதி கேட்காமல் 911 அடிக்க வேண்டும் என்பது இன்னொன்று.

இதைப் படிக்கும், எஃப்-1 விசாவில் வந்த மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: 21 வயதுக்குக் கீழே குடித்து மாட்டினால் இங்கே பிறந்தவனுக்கு அபராதத்தோடு போகலாம். உங்களுக்கு அப்படி முடியும் என்று சொல்ல முடியாது. குடித்துவிட்டு ஓட்டிக் கைதானாலே, தீர்ப்புக்கு முன்பே விசா ரத்தாகலாம். சந்தா கட்ட வளாகத்துக்கு வெளியே அனுமதி இல்லாமல் வேலை பார்க்கவும் கூடாது.

முழுக் கட்டண விவரத்தையும் எழுத்தில் தரும்படி பொருளாளருக்குப் பையனையே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்கான இடம் என்றால் ஓரிரு நாளில் ஒரு பக்கத் தாள் வந்துவிடும். வரவில்லை என்றால் இந்த முறை விட்டுவிடலாம். அடுத்த செமஸ்டரிலும் ஆள் சேர்ப்பார்கள்.